விரிசல் விட்ட லென்ஸ்

சமையலறையில் கண்ணாடித் தம்ளர் உடைந்த சத்தத்தில் நான் சிறுவயதில் வளர்ந்த இண்டூர் வீடு நினைவுக்கு வந்தது. அப்பா தகரக் குழாயில் லென்ஸ் பொருத்தித் தானே ஒரு தொலைநோக்கி செய்திருந்தார். மாலையானால் அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து நிலா பார்ப்பார்கள்; அம்மா மோர் கொடுப்பாள். ஒருநாள் மழைக்குப் பயந்து, காயப்போட்ட ராகியை அள்ளிக்கொண்டு அவள் ஓடிவந்தபோது கூடை இடித்து, தொலைநோக்கி விழுந்து லென்ஸ் விரிசல் விட்டது. யுத்த காலம், வேறு லென்ஸ் கிடைக்காது. அம்மா சாப்பிடாமல் அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா குழாயில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, "அழுவாத புள்ள. ரெண்டு நிலா தெரியுது, வந்து பாரு" என்றார்.

"நல்லா இருந்தப்ப ஒருநாளும் என்னயக் கூப்புடலீங்களே" என்றாள் அம்மா.

அப்பா நகர்ந்து இடம் விட்டார். அம்மா குனிந்து பார்த்து, "ஆமாங்க, ரெண்டு தெரியுது" என்றாள்.

கண்ணீரில் ஒரு நிலாகூடத் தெரியவில்லை என்று வெகுகாலம் கழித்து என்னிடம் சொன்னாள்.