பின் சீட்டில் சிந்திய பொரி

எங்கள் பக்கத்து வீட்டு முசே ஜெரார் தினமும் சாயங்காலம் காரை நிறுத்துவதற்கு முன்னால், கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலையைத் தரையில் விரிப்பார். விருந்தாளிக்குப் பாய் விரிப்பது போல நான்கு மூலையும் இழுத்துவிட்டு, அதன்மேல் காரை ஏற்றி நிறுத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார். காலையில் வலையைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைப்பார். பாரிசுக்கு வடக்கே ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கிற சின்ன ஊர் இது. இருபத்திரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன், ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறேன். என் பிரெஞ்சு முழுவதும் அந்தச் சமையல்கட்டில் கற்றது. தட்டு, கரண்டி, உருளைக்கிழங்கு எல்லாம் சரளமாக வரும். கம்பி வலைக்கு வராது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "கோழி வளர்க்கப் போறீங்களா?" என்று அவரிடம் கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. பிறகு கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். நம் ஊர் மரநாய்க்குத் தங்கச்சி போல, கழுத்தில் வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கு இங்கே ஃபுயின் என்று பேர். குளிர் காலத்தில் இன்ஜின் சூட்டுக்கு ஏறிப் படுத்துக்கொண்டு ரப்பர் குழாய்களைக் கடித்து வைத்துவிடுமாம். கம்பி வலையில் கால் வைக்க அதற்குப் பிடிக்காதாம். சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு பழைய நைலான் காலுறையில் எதையோ திணித்து முடிச்சுப் போட்டு எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அவர் பேசியதில் பாதிதான் புரிந்தது. காரில் கட்டு, கெட்டது அண்டாது. இது போதாதா எனக்கு? திருஷ்டிக்குக் கட்டுகிற வழக்கம் வெள்ளைக்காரர்களிடமும் இருக்கிறதே என்று மனம் குளிர்ந்து, மூட்டையைச் சாமி மாடத்தில் வைத்து, ஒரு குங்குமப் பொட்டும் இட்டு, கற்பூரம் காட்டினேன். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "செல்வி, நாய் முடிக்கு ஏன்டி பொட்டு வச்சிருக்க?" என்றார். அது முசே ஜெரார் வளர்க்கிற சடை நாயின் முடி. அந்த வாடைக்கு ஃபுயின் வராதாம். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மூட்டையைக் கொண்டுபோய்க் காரின் பானெட்டுக்குள் கட்டினேன். பொட்டை மட்டும் அழிக்கவில்லை.

இதைப் படிக்கிற காரைக்கால் சனங்கள் சிரிப்பீர்கள். நம்ம பக்கத்தில் காருக்குள் குடியேற வருகிறவர்களின் பட்டியல் இதைவிடப் பெரிது. எலி, அணில், ஓணான், மழைக் காலத்தில் ஒரு முறை சாரைப் பாம்பு. அம்பகரத்தூரில் என் பிறந்த வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் எனக்கும் ஒரு கார் நிற்கிறது. வருடத்தில் ஐந்து வாரம் அது என்னுடையது. மீதி நாளெல்லாம் யாருடையது என்று இந்த வருடம் மாசி மாதம் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து என் அண்ணனுக்கு அதைக் கண்டால் ஆகாது. அண்ணன் நெல் விவசாயி, இரண்டு சக்கரத்துக்கு மேல் ஓட்ட மாட்டார். வாரம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். இரண்டு வாரம் செய்வார், அப்புறம் நடவு வந்துவிடும். இந்த முறை நான் போய் இறங்கிய அன்றே, கையில் காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாப்பா, அந்த வண்டியக் குடுத்துடு. டவுன்ல மெக்கானிக் சலீம் பாய் கேக்குறாரு. நிக்கிறதுக்கு ஒரு வண்டி எதுக்கு?" உள்ளேயிருந்து அம்மா, "கார் நிக்கட்டும்டா" என்றார். அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். பஸ் படி ஏற முடியாது. மாசி மகத்துக்குத் திருவேட்டக்குடி சாமி கடலுக்கு வருவதைப் பார்க்க வேண்டும், நம்ம காரில் போக வேண்டும் என்று போனில் என்னிடம் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அண்ணன் ஒரு முடிவு சொன்னார்: "மகத்துக்குள்ள ஓடிச்சுன்னா நிக்கட்டும். ஓடலேன்னா பாய் எடுத்துட்டுப் போகட்டும்." சரி என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிவிட்டது. அண்ணன் உடனே சலீம் பாய்க்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை பாய் வந்து பானெட்டைத் திறந்தார். இரண்டு ஒயர்கள் பல் தேய்த்த வேப்பங்குச்சி நுனி போலப் பிய்ந்து கிடந்தன. ஏர் ஃபில்டர் பெட்டியின் கொக்கிகளை விலக்கி மூடியைத் தூக்கியவர், தூக்கிய கையோடு நின்றுவிட்டார். "அக்கா, இங்க வாங்க. உங்க வண்டியில பிரசவம் நடந்திருக்கு."

எட்டிப் பார்த்தேன். பஞ்சும் காகிதமும் வைத்து மெத்தை போட்டு, அதன் நடுவில் ஆறு சுண்டெலிக் குஞ்சுகள். ரோஜாப்பூ நிறம், விரல் நுனி அளவு, கண் திறக்கவில்லை. தாய் எலி எங்களைப் பார்த்ததும் பேட்டரிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. அந்த மெத்தையில் சாம்பலும் நீலமுமாகக் கம்பளி நூல் கிடந்தது. எனக்குத் தெரிந்த நூல். போன வருடம் பாரிஸ் கடையில் அம்மாவுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கி வந்த சால்வை அது. பீரோவில் இருக்க வேண்டியது இன்ஜினுக்குள் எப்படி வந்தது?

"தூக்கி வெளியில போடுங்க பாய்," என்றார் அண்ணன். "வயல்ல ஒவ்வொரு எலிக்கும் கிட்டி வச்சு அலையிறேன். வீட்டுக்குள்ள தொட்டில் கட்டி ஆட்டவா?" பாயின் கை பெட்டிக்குள் போகவில்லை. அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்து சேர்ந்திருந்தார். "கண்ணு தொறக்கலடா. பிள்ளையார் வாகனம். மகத்துக்குப் போற வண்டியில பாவத்த ஏத்தாதே." அண்ணன் வானத்தைப் பார்த்தார். நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். எதற்கு என்றுதான் தெரியவில்லை. குஞ்சுகள் பிழைக்க வேண்டும், வண்டியும் ஓட வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

பாய் ஒயரைச் சரிசெய்து டேப் சுற்றினார். பிறகு சொன்னார்: "இதுங்க உள்ள இருக்கிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண முடியாதுக்கா. பெட்டிய இப்படியே தொறந்து போட்டுட்டு எல்லாரும் தள்ளிப் போயிடுவோம். கூட்டைக் கலைச்சாச்சுன்னு தாய்க்குத் தெரிஞ்சுபோச்சு. அல்லா நாடினா அதுவே தூக்கிட்டுப் போயிடும்."

காத்திருக்கிற நேரத்தில் காருக்குள்ளாவது பெருக்குவோம் என்று விளக்குமாற்றோடு பின் கதவைத் திறந்தேன். குற்றம் என்னுடையது என்று முடிவே கட்டியிருந்தேன். ஒவ்வொரு முறை ஊரை விட்டுக் கிளம்பும்போதும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் இருக்கிற குட்டிப் பிள்ளையாருக்கு ஒரு கிண்ணம் பொரியும் வைத்துவிட்டு வருவேன். எலிக்கு நானே விருந்து வைத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறேன். ஆனால் முன் சீட்டு சுத்தமாக இருந்தது. பின் சீட்டில்தான் பொரி, பொட்டுக்கடலைத் தோல், முறுக்குத் தூள், வெற்றிலைக் காம்பு. காம்பு பச்சை மாறாமல் இருந்தது. மூலையில் அந்தச் சால்வை, பாதி தின்னப்பட்டு, நான்காக மடித்துத் தலையணை போல வைத்திருந்தது.

"அண்ணே, யாரு இதுல உக்கார்றது?"

"அத அங்க கேளு," என்று அண்ணன் அம்மா பக்கம் மோவாயைக் காட்டினார். "தெனமும் சாயங்காலம் சட்டமா ஏறி உக்காந்துடுறது. மடியில பொரி. ஒரு மணி நேரம். எலி வராம என்ன செய்யும்? அதுக்குத்தான் குடுத்துடுன்னேன். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற."

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "முட்டிக்கு வாகா இருக்கு, அதான்."

"எங்கம்மா போறதுக்கு?"

"எங்கயும் போகல. சும்மா உக்காந்திருப்பேன். நீ முன்னாடி ஓட்டுற மாதிரி இருக்கும்."

நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தேன். சலீம் பாய் ஸ்பேனரைத் துணியில் வைத்து வெகு நேரம் துடைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "பெரியம்மா உக்கார்ற வண்டிய நான் எப்படிண்ணே எடுக்கிறது? இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல," என்றார்.

ஆனாலும் அண்ணன் வாக்கு வாக்குதான். ஓடினால்தான் நிற்கும். நாங்கள் நான்கு பேரும் முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்தோம். வெயில் உச்சிக்கு ஏறியது. அண்ணி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். தாய் எலி முதலில் தலையை மட்டும் நீட்டியது. பிறகு ஒரு குஞ்சைக் கழுத்தில் கவ்விக்கொண்டு இறங்கி, கொட்டகைச் சுவரை ஒட்டியே ஓடி, மூலையில் அடுக்கியிருந்த சாக்குகளுக்குள் மறைந்தது. அவை அண்ணன் விதை நெல் வைத்திருக்கிற சாக்குகள். நான் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவதைத் தூக்கிப் போனபோது வீட்டுப் பூனை சோம்பல் முறித்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை, அண்ணன் எழுந்து போய்ப் பூனையை அள்ளி அடுப்படிக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐந்தாவதுக்குப் பிறகு வெகு நேரம் எலியைக் காணோம். "இன்னும் ஒண்ணு கெடக்கே," என்றார் அண்ணன். "எண்ணத் தெரியாதோ அதுக்கு?" அவர் குரலில் இருந்த கவலையைக் கேட்டு அம்மா சிரிப்பை வெற்றிலையோடு மென்றார். கடைசியில் அது வந்தது. ஆறாவதையும் தூக்கிக்கொண்டு போனது.

"நாளன்னைக்கு மொத வேலையா அங்க கிட்டி வப்பேன்," என்று சொல்லிக்கொண்டே அண்ணன் எழுந்தார். வைத்தாரா என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை.

பாய் பெட்டியைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு காளியம்மன் பேரைச் சொல்லித் திருப்பினேன். வண்டி நேற்று மாதிரியே இருமியது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் என் பயணப் பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்தேன். முசே ஜெராரிடம் கேட்டு வாங்கி, துணிகளுக்கு நடுவில் மறைத்துக் கொண்டுவந்த இரண்டாவது மூட்டை. அண்ணன் முகர்ந்து பார்த்துவிட்டு, "பிரான்சு நாயா? நம்மூரு எலிக்கு இந்த பாஷை புரியுமா?" என்றார். புரியாவிட்டாலும் இருக்கட்டும் என்று பாய் அதைப் பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டினார்.

மகத்தன்று காலை நான் ஓட்டினேன், அண்ணன் பக்கத்தில், அம்மா பின்னால். பிரான்சில் ஸ்டியரிங் இடது பக்கம், நம் ஊரில் வலது பக்கம். கையும் மாறிவிடும். காரைக்கால் டவுனுக்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டேன். கோட்டுச்சேரி தாண்டுவதற்குள் வெயிலில் ஏழெட்டு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். "மழை வருதா பாப்பா?" என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்டார். திருவேட்டக்குடியில் கூட்டத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அம்மாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மணலில் மெல்ல நடந்தோம். மேளச் சத்தம் முதலில் வந்தது, பிறகு சாமி வந்தார், பிறகு கடல். அம்மா கும்பிட்ட கையை வெகு நேரம் இறக்கவில்லை. என்ன வேண்டிக்கொண்டார் என்று திரும்பி வரும்போது கேட்டேன். "திரும்பவும் ஸ்டார்ட் ஆகணும்னு," என்றார். எனக்கும் அதே வேண்டுதல்தான்.

கார் விஷயத்தை அண்ணன் அப்புறம் எடுக்கவே இல்லை. நான் கிளம்புகிற அன்று பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் ஓட விடுறேன், போ," என்றார். அவ்வளவுதான். நான் அம்மாவுக்கு இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. கேன்டீனில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து ஒன்றரை மணிக்கு எனக்குக் கொஞ்சம் ஓய்வு. அம்பகரத்தூரில் அப்போது மணி ஐந்து. மற்றவர்கள் காப்பி குடிக்கப் போவார்கள், நான் வாசலில் நிறுத்தியிருக்கிற என் காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்கு வீடியோ கால் போடுகிறேன். இந்தக் காரிலும் முன்னால் ஒரு பிள்ளையார் உண்டு; கைப்பேசியை அவர் பக்கத்தில் சாய்த்து வைத்தால், அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் கொட்டகைக் காரின் பின் சீட்டு தெரிகிறது, அதில் அம்மா, மடியில் டப்பா. நான் முன் சீட்டில், அம்மா பின் சீட்டில். இரண்டு வண்டியும் நகர்வதில்லை. இரண்டு பானெட்டுக்குள்ளும் ஒரே நாயின் முடி. நேற்று டப்பா திறக்கிற சத்தமும், பின்னாலேயே பொரி கடிக்கிற சத்தமும் கேட்டது.

"அம்மா, சிந்தாம சாப்பிடு," என்றேன்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு," என்றார் அம்மா.