கத்தினால்தான் வலியா?

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பிரசவ வலியைக் குறைக்க முதுகில் எபிடூரல் ஊசி போடுவார்கள் என்று படித்துவிட்டு, டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். கொல்லிமலையிலிருந்து இறங்கி நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது வலி இறுக்கிப் பிடித்தது.

“சிஸ்டர், வலி தாங்க முடியல. அந்த ஊசியைப் போடச் சொல்லுங்க,” என்றேன்.

நர்ஸ் சிரித்தார். “வலிச்சா இந்நேரம் கத்தியிருப்பியே. மலைக்காரப் பொண்ணுக்கு எதுக்கு ஊசி? நீங்கெல்லாம் காட்டுலயே பெத்துக்குவீங்க.”

அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். “ஆமாங்க, எங்கூட்டுப் பொம்பளைங்க பல்லைக் கடிச்சே பெத்துருவோமுங்க.”

நானும் அதே பெருமையில்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதுவே எனக்கு எதிராகத் திரும்பியதும் ஆத்திரம் பொங்கியது. “எனக்கு வலிக்குது! டாக்டரைக் கூப்பிடு!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

“மானம் போகுது கண்ணு,” என்று அம்மா வாயைப் பொத்த வந்தாள். கையைத் தட்டிவிட்டு மறுபடி கத்தினேன்.

மயக்க மருந்து டாக்டர் ஓடி வந்தார். முதுகை வளைத்து அசையாமல் உட்காரச் சொன்னார். அந்த வலியில் அசையாமல் இருப்பதுதான் கொடுமை. ஊசி இறங்கியதும் முதுகுக்குள் சில்லென்று ஏதோ ஓடியது. சற்று நேரத்தில் கால்கள் கனத்தன. வயிறு இறுகுவது தெரிந்தது, ஆனால் வலிக்கவில்லை.

“நெசமாவே வலிக்கலையா சாமி?” அம்மா கண்ணைத் துடைத்தாள். “நாலு பெத்தேன், இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலியே.”

மகள் பிறந்தாள். கத்தியதற்கு எனக்கு வெட்கமில்லை. மரியாதையாகக் கேட்டபோது என்னை நம்பவில்லையே, அதுதான் இன்னும் ஆறவில்லை.