எட்டாவது காலைக்கு இருக்கமாட்டார்

மணி இரண்டு ஆனதும் கவுஸ் பாஷா தையல் மெஷினின் ஊசியைத் தூக்கிவிட்டு, கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை ஆணியில் மாட்டி, மஞ்சள் பை ஒன்றை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். ரவிக்கை வாங்க வந்தவர்களிடம், "படத்துக்குப் போறேம்மா, அஞ்சு மணிக்கு வாங்க" என்பார். எந்தப் படம் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பத்தொன்பது நாளாக ஒரே படம்தான். நடுவில் பௌர்ணமி வந்து, கிரிவலக் கூட்டத்தில் ஊரே நெரிந்தபோதும் ஒரு மேட்னி தவறவில்லை.

அறுபத்து மூன்று வயதில் பேய்ப்படப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று தேரடித் தெரு சிரிக்கிறது. படமும் லேசுப்பட்டதல்ல. நாயகனுக்கு ஒரே காலை திரும்பத் திரும்ப விடிகிறது. எதிர்வீட்டிலிருந்து மஞ்சள் பையோடு ஒரு பெண்மணி தெருவில் இறங்கி நடந்து, சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். அடுத்த அரைமணியில் நாயகனின் மனைவி செத்துக் கிடக்கிறாள். கொன்றது பேயா, தானேதானா என்று அவனுக்கே விளங்கவில்லை. மறுபடி அதே காலை, அதே பை. மூன்றாம் முறை பை தெரிந்ததுமே தியேட்டர் அலறுகிறது.

அந்தப் பையைத் தைத்தவர் கவுஸ் பாஷா. அந்தப் பெண்மணி அவர் மனைவி மஹ்பூபா.

போன வருஷம் அவர்கள் தெருவில்தான் ஷூட்டிங். "சும்மா நடந்து போங்கம்மா, திரும்பாதீங்க" என்று மஹ்பூபாவிடம் சொன்னார்கள். போகிறதுதான் போகிறோம், அப்படியே மார்க்கெட்டுக்கும் போய் வரலாமென்று அவள் பையை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் இருந்த இவரை மூச்சுக் காட்டக்கூடாது என்றார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா? ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்துவிட்டார். "மஹ்பூ, புதினா கம்மியா வாங்கு!"

அவள் முக்காட்டைப் பிடித்தபடி திரும்பி முறைத்தாள். டைரக்டருக்கு அந்த முறைப்பு பிடித்துப்போயிற்று. இவர் குரலை எடுத்துவிட்டு வயலினைப் போட்டுவிட்டார்கள். படம் வெளிவருவதற்குள் மாரடைப்பில் மஹ்பூபா போய்விட்டாள்.

"வீட்ல போட்டோ இருக்குதுங்க. ஆனா போட்டோல அவ மொறைக்கமாட்டா" என்கிறார்.

தியேட்டரில் வலப்பக்கக் கடைசி இருக்கை அவருடையது. அலறல் எழும்போது மட்டும் கோபம் வந்துவிடும். "காய்கறி வாங்கப் போறவள பாத்து ஏன்பா கத்துறீங்க?" என்று முன்வரிசையை அதட்டுவார். பிறகு வாய்க்குள் தன் வரியைச் சொல்வார். ஏழு முறை சொல்வார். ஏழு முறையும் அவள் திரும்புவாள்.

எட்டாவது காலைக்கு இருக்கமாட்டார். முதல் நாள் இருந்தார். அதில் நாயகன் தப்பித்துவிடுகிறான். தெருவில் யாரும் வரவில்லை. அந்தக் காலித் தெருவைப் பார்த்து ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நேற்று வியாழன், படத்துக்குக் கடைசி நாள். ஏழாவது முறை முடிந்ததும் எழுந்தார். டிக்கெட் கிழிக்கும் அருணகிரி கதவருகே மறித்தார்.

"இன்னிக்காவது முடிவ பாத்துட்டுப் போங்க பாய். நாளையிலேர்ந்து வேற படம்."

"பாத்துட்டேன்பா. அதுல அவ இல்ல."

கடைக்குத் திரும்பாமல் மார்க்கெட் பக்கம் நடந்தார். கீரைக்காரி கஸ்தூரி புதினாக் கட்டு ஒன்றை நீட்டி, "ஒண்ணு போதும்ல பாய்? ஒத்த ஆளுதானே" என்றாள்.

"ஜாஸ்தியா போடும்மா" என்று, கவுஸ் பாஷா மஞ்சள் பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார்.