துரைசாணிக்கு ஏற்றிய மாவிளக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிய காலம் கொஞ்சமல்ல. காகிதத்தை எடுப்பேன், மேலே "முருகா" என்று போடுவேன், அத்தோடு மடித்து வைத்துவிடுவேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. குளித்துத் திருநீறு பூசாமல் யாரும் கோப்பிக் குவளையைத் தொடாத வீடு எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டுக்காரன் வாயாங் என்கிற சினிமாப் படத்தைப் பற்றியும் மாரியம்மனைப் பற்றியும் ஒரே மூச்சில் எழுதினால் பக்தி உள்ளவர்கள் கோபிப்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் என் மனைவியிடமே கேட்டேன்.

"நடந்ததைத்தானே எழுதப் போறீங்க? எழுதுங்க. ஆனா என்னை அழகா இருந்தேன்னு எழுதாதீங்க. அப்போ எலும்பும் தோலுமா இருந்தேன்" என்றாள்.

உத்தரவு கிடைத்துவிட்டது. எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பட்டணத்தை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸில், ரயில்வேக்காரர்களின் லயத்து வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். எனக்குச் சரக்குக் கொட்டகையில் வேலை. லயத்துக்குப் பின்னால் இருந்த வெற்றுநிலத்தில், நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாய், தகரக் கொட்டகை போட்டு வாயாங் காட்டினார். படத்தில் பேச்சு கிடையாது. அந்தக் குறையைக் கொட்டகையில் இருந்தவர்கள் தீர்த்துவைத்தோம். ஒருவரும் வாய் மூடியதில்லை.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு பாகம். கதை இதுதான்: வெள்ளைக்கார தேசத்தில் ஒரு பெண். குதிரை ஏறுவாள், ஆற்றில் குதிப்பாள். அவளுடைய தகப்பன் விட்டுப்போன தங்கச் சுரங்கத்தைப் பறிப்பதற்கு ஒருவன் அலைகிறான். தலையிலிருந்து கழுத்து வரை கறுப்புத் துணி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் யார் என்று படத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவளுக்குத் துரைசாணி என்றும் அவனுக்கு முகமூடி என்றும் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். திரையில் இங்கிலீஷ் எழுத்து வரும்போது, முன்பெஞ்சில் உட்காரும் ஆபீஸ் குமாஸ்தா, ஒரு கிராணி, அதைப் படித்துத் தமிழில் உரக்கச் சொல்வார். "அவன் சொல்றான், உன்னை விடமாட்டேன்னு." அடுத்தது, "அவ சொல்றா, கடவுள் இருக்கார்னு." எழுத்து எத்தனை வரி ஓடினாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் அவர் சொல்வார். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் துரைசாணி சாகக் கிடப்பாள். ஒரு வாரம் அவள் நின்ற தொங்குபாலம் அறுந்தது. இன்னொரு வாரம் அவளை அடைத்த அறையின் சுவர்கள் இரண்டு பக்கமிருந்தும் நெருங்கி வந்தன. சரியாக அந்த இடத்தில் படம் நின்று விளக்கு எரியும். பாய் வெளியே வந்து வெற்றிலை மடிப்பார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொள்ளும்.

"பாய், என்ன ஆச்சு? பிழைச்சாளா?"

"சனிக்கிழமை வா."

"எங்கிட்ட மட்டும் சொல்லுங்க பாய்."

"சனிக்கிழமை உங்கிட்ட மட்டும் சொல்றேன்."

வாரம் முழுக்கத் தண்ணீர்க் குழாயடியில் பெண்களுக்கு இதே பேச்சு. முகமூடி யார் என்பதில் ஆளுக்கொரு கட்சி. என் பக்கத்து வீட்டுக்காரன் எஞ்சினில் நெருப்புக்கு விறகு அள்ளிப் போடும் பயர்மேன். "படத்துல அவகூடவே வர்ற அந்த வக்கீல்தாண்ணே. நல்லவனா இருந்தா எதுக்கு அவ்வளவு சிரிக்கிறான்?" என்பான். என் மனைவி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவளுக்குத் துரைசாணி பிழைத்தால் சரி.

என் மனைவிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். முன்னே இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். நானும் பேச்செடுக்கமாட்டேன். அவளை வாயாங்குக்கு அழைத்துப் போனதே, கொஞ்ச நேரமாவது வேறொருத்தியின் கஷ்டத்தைப் பார்த்துத் தன் கஷ்டத்தை மறக்கட்டும் என்றுதான்.

அந்தச் சனிக்கிழமை முகமூடி துரைசாணியைக் கயிற்றால் கட்டித் தண்டவாளத்தின் மேல் போட்டுவிட்டுப் போனான். பார்க்க வந்திருந்தவர்களில் பாதிக்குமேல் ரயில்வேக்காரர்கள். கேட்கவா வேண்டும்!

"சிவப்புக் கொடியைக் காட்டுங்கடா!"

"அந்த ஊர்ல லைன் பாக்குற ஆளே இல்லையா? எல்லாம் கள்ளுக்கடைக்குப் போயிட்டானுங்களா?"

எஞ்சின் வந்தது. நிற்கவில்லை. அவள் கிடந்த இடத்தின் மேலேயே ஏறிப் போயிற்று. இதை அழுத்திச் சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். ஒரே புகை. விளக்கு எரிந்தது.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, "தாயே, மாரியம்மா!" என்று கத்தினாள். என் மனைவிதான். பிறகு உட்கார்ந்து, இடுப்பிலிருந்து ஒரு காசை எடுத்து முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். நேர்த்திக்கடன் வைக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்ன கடன் என்று புரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது பயர்மேன் வாய் ஓயவில்லை. "முடிஞ்சது அண்ணே. அந்த வேகத்துல வர்ற எஞ்சினை எவனும் நிறுத்த முடியாது."

"நிறுத்தவே இல்லையே தம்பி."

"அதைத்தான் சொல்றேன். துரைசாணி கதை அவ்வளவுதான். அடுத்த வாரம் அவ தங்கச்சின்னு ஒருத்தியைக் கொண்டாருவானுங்க பாருங்க."

நான் அவனை முழங்கையால் இடித்தேன். அவனுக்கு அது உறைக்கவில்லை.

வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு, "என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"அவ பிழைச்சா கோயில்ல மாவிளக்கு போடறேன்னு."

"அவ்வளவுதானே?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவ பிழைச்சா எம்பிள்ளையும் பிழைக்கும்னு வாயில வந்துடுச்சுங்க."

"பைத்தியமா நீ? யாரோ வெள்ளைக்காரி, அதுவும் படத்துல. அவளையும் நம்ம பிள்ளையையும் சேர்த்து முடிச்சுப் போடலாமா?"

"நானா போட்டேன்? தானா வந்துடுச்சு. அம்மன் சன்னதியில சொன்னதைத் திருப்பி எடுக்க முடியுமா?"

"அது வாயாங் கொட்டகை!"

"அம்மனுக்கு எல்லா இடமும் சன்னதிதாங்க."

துரைசாணி என்ன ஆனாள் என்று தெரிகிற வரைக்கும் தனக்கு ஒருவேளைச் சாப்பாடுதான் என்றும் சொல்லிவிட்டாள். ஒரு வாரம்தானே, சனிக்கிழமை தெரிந்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை வீசிய காற்றில் கொட்டகையின் தகரம் பாதி பறந்து போயிற்று. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், பாய் மெஷினைப் பெட்டியில் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் இரண்டு நாள் பாயைத் திட்டிவிட்டு மறந்துபோனார்கள். என் வீட்டில் மறக்க முடியவில்லை. ஒருவேளைச் சாப்பாடு இரண்டாவது வாரமும் தொடர்ந்தது. அவளுடைய முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

விஷயம் தெரிந்ததும் பயர்மேன் ஆடிப்போய்விட்டான். இளநீர்க் குலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "அண்ணி, நான் சொன்னது நம்ம ஊர் எஞ்சினுக்கு. வெள்ளைக்காரன் ஊர் எஞ்சின் அடிப்பக்கம் உயரமாத்தான் இருக்கும். குனிஞ்சு ஒரு ஆள் போலாம்."

"நீங்க பாத்தீங்களா தம்பி?"

"பாக்கலை. ஆனா இருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். இளநீரைத்தான் குடிக்கவில்லை.

என்னைத் தனியே அழைத்து, "பிழைச்சிட்டாளாம்னு சொல்லிடுங்கண்ணே, யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். எனக்கும் அந்த எண்ணம் வராமலில்லை. ஆனால் அம்மன் பெயரில் முடிந்த காசைப் பொய் சொல்லி அவிழ்க்க வைக்க மனம் வரவில்லை. சுவாமி படத்துக்கு முன்னால் நின்று பார்த்தேன், நாக்கு எழவில்லை.

பயர்மேனுக்குக் கிள்ளான் லைனில் ஓட்டம் கிடைத்தபோது அவன் பாயைத் தேடிப் பிடித்துவிட்டு வந்தான். பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருக்கிறாராம். "ஆனா அங்க முதல் பாகத்துலேர்ந்து காட்டுறாரு அண்ணே. ரயில் பாகம் வர்றதுக்குள்ள அண்ணிக்குப் பிரசவமே ஆயிடும்."

பிள்ளை முதலில் வருமா, துரைசாணி முதலில் வருவாளா என்று காத்திருக்க என்னால் முடியாது. அடுத்த ஓய்வுநாளில் மனைவியை அழைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். பயர்மேனும் கூடவே வந்தான். பாய் கூடாரத்துக்குள் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த ரயில் பாகத்துக்கு அப்புறம்..."

"சனிக்கிழமை வா" என்றார், தலையைத் தூக்காமலே.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முன்னே தங்காத இரண்டு பிள்ளைகளைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் நான் வாய்திறந்தது அதுதான் முதல் தடவை. பாய் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

"யா அல்லா. இதுக்காகவா சாப்பிடாம இருக்கு?" என்று என் மனைவியைப் பார்த்தார். "தங்கச்சி, எனக்குத் தெரியும். இப்பவே சொல்லிடவா?"

"வேண்டாம் பாய். போனதைக் கண்ணால பாத்தேன். வந்ததையும் கண்ணால பாக்கணும்."

பாய் எழுந்து கூடாரத்தின் வாயை இழுத்து மூடினார். பெட்டியில் தேடி, அடுத்த பாகத்தை எடுத்து மெஷினில் மாட்டினார். காலி பெஞ்சுகள் நடுவே நாங்கள் மூன்று பேர் மட்டும். அவர் கையால் சுற்றச் சுற்றப் படம் ஓடியது.

மறுபடி தண்டவாளம். மறுபடி கயிறு. எஞ்சின் தூரத்தில் வருகிறது. என் மனைவியின் கை என் கையை நெரித்தது. துரைசாணி மணிக்கட்டைத் தண்டவாளத்தின் விளிம்பில் வைத்துத் தேய்க்கிறாள். தேய்க்கிறாள். கயிறு அறுந்தது! அவள் உருண்டு சரிவில் விழுந்தாள். அதற்குப் பிறகுதான் எஞ்சின் வந்து, வெறும் தண்டவாளத்தின் மேல் ஓடிப்போயிற்று.

பயர்மேன் துள்ளி எழுந்தான். "பாய்! இது ஏமாத்து! அன்னைக்கு இப்படி இல்லையே! எஞ்சின் அவ மேல ஏறிச்சு, நான் பாத்தேன்! அந்தப் பாகத்தை எடுத்து மறுபடி ஓட்டுங்க, ஒத்துப் பாப்போம்!"

"ஒரு பாகத்தைச் சுத்துனதுக்கே தோள் கழண்டு போச்சு. நீ வந்து சுத்துறியா?"

"அண்ணே, நீங்க சொல்லுங்க. ஏறிச்சா இல்லையா?"

"ஏறிச்சு" என்றேன். பொய் சொல்ல முடியுமா?

"பின்ன இது எப்படி?"

என் மனைவி நிதானமாகச் சொன்னாள். "எஞ்சின் ஏறினப்போ நான் இன்னும் வேண்டிக்கலையே தம்பி. அப்புறம்தானே வேண்டிக்கிட்டேன்."

பயர்மேன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பாய் ஏதோ சொல்ல வந்தார். "எல்லாப் பாகத்துலயும் அவனுங்க இப்படித்தான் தங்கச்சி..." என்று ஆரம்பித்தவர், அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நமக்கு என்ன தெரியும்? மேல இருக்கறவனுக்குத்தான் தெரியும்" என்று முடித்துவிட்டார். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

கிள்ளான் பாசாரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அவள் சாப்பிட்டதைப் பார்த்துக் கடைக்காரரே குழம்புச் சட்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை பட்டணத்து அம்மன் கோயிலுக்குப் போனோம். அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் குழித்து நெய்யூற்றி மாவிளக்கு ஏற்றினாள். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், "யார் பேருக்கு? நட்சத்திரம் என்ன?" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். துரைசாணிக்கு என்ன நட்சத்திரம்?

"ஒரு பொண்ணு சாமி. ரொம்பத் தூரத்துல இருக்கா" என்றாள் என் மனைவி.

"அப்போ சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று அவர் உள்ளே போய்விட்டார். இத்தனை நாள் எங்களை ஆட்டிவைத்த விஷயம் அவருக்கு இவ்வளவு சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு என் மனைவி எந்தப் படத்துக்கும் வரவில்லை. "அவளை மறுபடி எங்கயாவது தள்ளிவிடுவானுங்க. நான் எத்தனை விளக்குதான் போடறது?" என்றாள். ஆகவே முகமூடி யார் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. வக்கீல்தான் என்று பயர்மேன் இன்றும் சாதிக்கிறான்.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். தங்கினாள். இப்போது என்னை எதிர்த்துப் பேசுகிற வயது.

படம் பெட்டிக்குள் முன்பே முடிந்துதான் இருந்தது என்பது எனக்கும் தெரியும். நான் அவ்வளவு மூடனல்ல. வயிற்றுக்குள் பிள்ளையும் முன்பே இருந்தது. இரண்டும் எப்படி ஆகும் என்று வெளியே நின்ற எங்களுக்குத்தான் தெரியவில்லை. தெரியாமல் நிற்கிறவன் கும்பிடுவதைத் தவிர வேறு என்ன செய்வான்?

ஒரு விண்ணப்பம். சமீபத்தில் செந்தூலில் ஒரு கலியாண வீட்டில், முன்பின் தெரியாத ஒருவர் இந்தக் கதையை என்னிடமே சொன்னார். திரையில் அம்மனே சூலத்தோடு வந்து எஞ்சினை நிறுத்தினாளாம். கொட்டகை முழுக்கச் சாம்பிராணி மணந்ததாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் நிற்கவே இல்லை. மணந்தது பாயின் வெற்றிலையும் சுருட்டுப் புகையும்தான். அம்மன் இந்த அளவுக்குச் செய்ததே எங்களுக்குப் போதும். நாம் வேறு சேர்த்துச் சொல்லி அவளுக்குப் பெருமை தேட வேண்டியதில்லை. இதைப் படித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல், பயர்மேன் கத்தியதையும் சேர்த்து, நடந்தபடியே சொல்லுங்கள்.