ராகு காலத்துக்கு முன்பே கிளம்பிய பை

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலு மணி நேரம். இதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, பால்காரர் முதல் இஸ்திரிக்காரர் வரை எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார் என் வீட்டுக்காரர். துறையூருக்குப் போய்த் திரும்புவதற்குள் சிங்கப்பூர் போய்விடலாமாம். பேச்சுக்கு என்ன, காசா பணமா? ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று அந்தக் கைபேசி சொல்லவில்லை.

சிங்கப்பூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். இன்றோ நாளையோ என்று இருந்தாள். "வலி வரும்போது நீ பக்கத்துல இருந்தா போதும்மா" என்று அவள் போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்ப வேண்டிய நேரமோ ராகு காலம். விமானம் இவருக்காக நிற்குமா? அதனால் பரஸ்தானம் வைத்தார். நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ராகுவாவது கேதுவாவது. காலையிலேயே எதிர்வீட்டு அக்காவிடம் பையை ஒப்படைத்து, கிளம்பிய பை வீடு திரும்பக் கூடாது என்று பாடமும் நடத்திவிட்டு வந்தார்.

டாக்சி வந்தது. எதிர்வீட்டில் பூட்டு.

போனால் போகிறது, ரெண்டு வேட்டிதானே என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பையில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டேன். பாஸ்போர்ட் இல்லாத பை என்ன பயணப் பை என்று இரண்டு பாஸ்போர்ட்டையும் அதில்தான் வைத்திருக்கிறார் மனிதர்.

போன் போட்டோம். அக்கா காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டைப் பூட்டிய வீட்டில் விட்டுவர மனசில்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போய்விட்டாராம். உடனே வாங்க என்று கெஞ்சினேன்.

"கிளம்பின பை திரும்பக் கூடாதுன்னு அண்ணன் சொன்னாருல்ல? நீங்க வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்."

நல்லவேளை, ஏர்போர்ட் போகும் வழிதான். திருவானைக்காவல் வரை அவரைத் திட்டினேன். காவிரிப் பாலத்தில் அழுதேன். மார்க்கெட் வாசலில் பையைக் கையில் வாங்கிய பிறகு மறுபடியும் திட்டினேன். கடைசி ஆட்களாக உள்ளே ஓடினோம்.

மறுநாள் விடியற்காலையில் வலி வந்தது. மகள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நொறுங்கியது. மதியம் பேத்தி பிறந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டு. வியாழக்கிழமை, சுத்தமான ராகு காலம். விடுவேனா? குழந்தையைத் தாத்தா கையில் கொடுக்கும்போது வேண்டுமென்றே மணியைச் சொன்னேன்.

அவர் குழந்தையைப் பார்த்தார். அப்புறம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை இன்னும் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றியிருக்கவில்லை; பதினொன்றரைதான் காட்டியது.

"நம்ம ஊர்ல இப்ப நல்ல நேரம்தான்" என்றார்.

ஆமாங்க என்றேன்.