கூட்டாளி கேட்ட ஒரு வாரம்

பனியன் மடிக்கும்போது உள்ளே வைக்கும் வெள்ளை அட்டைகளில்தான் என் கூட்டாளி எதையும் எழுதிப் பார்ப்பார். இரண்டாயிரங்களின் நடுவில், அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. டிசைனர்கள் எளிய வரிகளில் எழுதுவதை, காலர் பின்னும் எந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை அவர் எழுதினார். ஆர்டர் பிடிப்பது என் வேலை.

புரோகிராமில் ‘நிறம்’ என்ற ஒரே பெயருக்குப் பல இடங்களில் மதிப்பு மாறும். குழம்பாமலிருக்க, மாறும் ஒவ்வொரு முறையும் அதற்குப் புதுப் பெயர் வைத்தார்: நிறம்1, நிறம்2. "ஒரு பேருக்கு ஒருக்காத்தானுங்க மதிப்பு. அப்பத்தான் எது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும்" என்பார். இரண்டு வழிகள் வந்து சேரும் இடத்தில், வந்த வழிக்கேற்ற மதிப்பை எடுத்துக்கொள்ள ஒரு வரி சேர்ப்பார். அதற்கும் ஒரு புதுப் பெயர்.

ஒரு வெள்ளிக்கிழமை, "திரும்பத் திரும்ப ஓடற சுத்துல என்னமோ இடிக்குதுங்க. இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்க" என்றார். எங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்த வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி முதலாளியிடம் மென்பொருளைத் திங்கட்கிழமை தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சாம்பிள் சரியாக வந்துவிட்டதே, போதும் என்றேன். அவர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "சரிங்க."

சின்ன அளவுச் சட்டைகளுக்கான காலர்கள் முடிந்து பெரிய அளவு தொடங்கியதும் காலரின் கோடு கறுப்பிலிருந்து நேவி புளூவுக்கு மாற வேண்டும். மாறியது, ஒரே ஒரு காலருக்கு. அடுத்த காலரைப் பின்னும் சுற்றிலேயே மறுபடி கறுப்பு. டியூப்லைட் வெளிச்சத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாம் தைத்து, பெட்டியில் அடுக்கிய பிறகு, சட்டைகளை வாங்கவிருந்த வெளிநாட்டு பையரின் ஆள் ஒன்றை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். முதலாளிக்கு அந்த ஆர்டர் ரத்தானது.

முதலாளி மாடியேறி வந்தார். கத்தவில்லை. "ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்று மட்டும் கேட்டார்.

"என்ர தப்புங்க. நாந்தான் சரியாப் பாக்கலீங்க" என்றார் கூட்டாளி. ஒரு வாரம் கேட்டதை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை.

நான்கே நாளில் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். வழிகள் சேருமிடத்தில் பிறந்த புதுப் பெயரும் ஒரு புது மதிப்புதான். அது அடுத்த சுற்றுக்குத் திரும்பிப் போகும்போது, சுற்றின் தொடக்கத்திலும் பழையதா புதியதா என்று தேர்ந்தெடுக்க ஒரு வரி வேண்டும். அது விடுபட்டிருந்தது. சேர்த்து ஓட்டிக் காட்டினார். மாறிய நிறம் அப்படியே நின்றது. ஆனால் அதை வாங்க ஆளில்லை. மற்ற கம்பெனிகளும் எங்கள் மென்பொருளைக் கழற்றிவிட்டிருந்தன.

நான் சென்னைக்கு வேலைக்குப் போனேன். அவர் ஒரு கம்பெனியில் பெட்டிகளுக்கு பார்கோடு ஸ்டிக்கர் அச்சடிக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். இரண்டு முறை போன் செய்து, உங்க ஆபீஸ்ல எனக்கு ஏதாச்சும் கிடைக்குமாங்க என்று கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை. கூட வேலை செய்தால் தினமும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று பயந்தேன். பிறகு அவர் கூப்பிடவே இல்லை. இன்றும் அதே ஸ்டிக்கர் வேலைதான் என்று கேள்வி.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் அந்த முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நலம் விசாரித்துவிட்டு, "உங்ககூட இருந்த அந்தத் தம்பி அவசரப்பட்டு எல்லாத்தையும் கெடுத்துப்போட்டாருங்க, இல்லீங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.