காலில் ஏறிய சூடு

அபிஷேகப்பாக்கத்து அமுதத்துக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. உச்சி நேரத்தில் கரும்புச் சோகை உரித்தவள். அவள் பயந்தது முழங்கால் சூட்டுக்கு.

இரண்டு வருடத்துக்கு முன் ஆபரேஷனில் வலது முழங்கால் மூட்டை மாற்றி வீட்டுக்கு வந்தபோது கால் கொதித்தது. உடம்புச் சூடுதான் என்று சந்தனத்தை அரைத்துப் பூசிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் கிடந்தாள் கெட்டிக்காரி. உள்ளே சீழ் வைத்துவிட்டது. மறுபடி திறந்து கழுவினார்கள். மகள் செல்வகுமாரி கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவளைத் தூக்கி இறக்கினாள்.

இப்போது இடது மூட்டு. இதுவும் கெட்டால் மகளும் தன்னோடு முடங்கிப்போவாள் என்பதுதான் அமுதத்தின் கவலை.

போன தடவை முழு மயக்கம். இந்தத் தடவை முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும். ஊசி இறங்கியதும், விடியற்காலை போர்வெல் தண்ணீர் போல வெதுவெதுவென்று ஏதோ பாதம்வரை பாய்ந்தது.

“ஐயோ, காலு சுடுதும்மா! மறுபடியும் சீழு வைக்கப் போவுது!”

மயக்க மருந்து டாக்டர் ஜோஸ்பின் அவள் நெற்றியில் கை வைத்தார். “அந்தச் சூடு இல்லம்மா இது. இந்த ஊசிக்கு ரத்தக் குழாய் விரியும், காலுக்கு ரத்தம் நல்லா ஓடும். சீழ் வைக்காம இருக்கக் கையில ஒரு மருந்து ஏத்தினோமில்ல? அதுவும் ரத்தத்தோடதான் போவுது.”

“எலும்பு வரைக்கும் போவுமா?”

“போவணும். முழு மயக்கத்துல மருந்து எவ்ளோ போவுது, இதுல எவ்ளோ போவுதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்க்கத்தான், வெட்டற எலும்புல ஒரு துண்டு எடுத்துக்கறோம்னு உங்களக் கேட்டோம்.”

திரைக்கு அப்பால் சுத்தியல் சத்தம். அமுதம் தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் போகிறது. மண்வெட்டியோடு அவளும் கூடவே நடக்கிறாள். முழங்கால் வலிக்கவே இல்லை. கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்கிறது. அதன் வரப்பில் செல்வகுமாரி, தோளில் பையோடு, பஸ்ஸுக்கு நிற்கிறாள். வா, வா என்று தண்ணீரைக் கெஞ்சினாள் அமுதம். அது மெல்ல ஊர்ந்து போய் மகளின் செருப்பை நனைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, கொஞ்ச நாள் இளஞ்சூடு இருக்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல், செல்வகுமாரி தினமும் புறங்கையால் மூட்டைத் தொட்டுப் பார்த்தாள். மார்கழியில் ஒரு காலை, புது வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் தொட்டாள்.

“ஜில்லுனு இருக்குதும்மா.”

கையை எடுக்கப் போனவளை அமுதம் விடவில்லை.

“பஸ்ஸு வந்துடும்மா!”

“வரட்டும்டி. இவ்ளோ நாளு பயந்து பயந்து தொட்ட. இன்னிக்கு சும்மா வையி.”

செல்வகுமாரி உள்ளங்கையை வைத்தாள். பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.